மாரடைப்பு வராமல் காப்பது எப்படி? வீட்டிலும் மருத்துவரிடமும் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

மாரடைப்பில் இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்ற பேச்சு காதில் விழாமல் இருக்காது. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பார்வைக்கு அவர் நன்றாகத்தான் இருந்திருப்பார். ஆனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படியத் தொடங்கிப் பல வருடங்கள், சிலருக்கு இருபது முப்பது வருடங்கள்கூட ஆகியிருக்கும். அத்தனை காலமும் வலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை. தடுப்பதற்கு நமக்குக் கிடைக்கும் காலமும் அதுதான்.

கேரளத்தில் பிறந்த இதயநோய் நிபுணர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில், கிட்டத்தட்ட 30,000 பேரை வைத்து நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004இல் வெளியானது. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 சதவீதத்துக்கு ஒன்பதே காரணங்கள் என்று அது காட்டியது: புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் போதாமை, உடலுழைப்பு இல்லாமை, மது அருந்தும் விதம். ஒன்பதும் மாற்றக்கூடியவை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மற்ற நாட்டவர்களுக்கு 59 வயதையொட்டி வரும் முதல் மாரடைப்பு, தெற்காசியர்களான நமக்கு 53 வயது வாக்கிலேயே வந்துவிடுகிறது. ஐம்பது தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு நம் ஊருக்குப் பொருந்தாது.

நம்மிடையே இரண்டு தரப்பு உண்டு. "மாத்திரையே வேண்டாம், எல்லாத்தையும் சாப்பாட்டாலேயே சரி பண்ணிடலாம்" என்பவர்கள் ஒரு பக்கம். "அதான் மாத்திரை போடுறேனே" என்று தட்டில் எதையும் மாற்றாதவர்கள் மறுபக்கம். இரண்டுமே ஆபத்து. பழக்கமும் மருந்தும் சேர்ந்துதான் இதயத்தைக் காக்கும் என்பதே இந்தக் கட்டுரை நெடுக நான் சொல்ல வருவது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மட்டும் உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

படி 1: குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில்?

ஒரு தாளை எடுத்து அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் பெயர்களை எழுதுங்கள். மாரடைப்பு, பைபாஸ், ஸ்டென்ட், பக்கவாதம், தூக்கத்தில் திடீர் மரணம், இவற்றில் ஏதாவது யாருக்காவது வந்ததா, வந்தபோது என்ன வயது என்று குறியுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு வந்திருந்தால் உங்களுக்கு ஆபத்து கூடுதல். எண்பது வயதில் தாத்தாவுக்கு வந்தது அந்தக் கணக்கில் சேராது.

பெண்கள் இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். கர்ப்ப காலத்தில் பிபி ஏறியதா, சுகர் வந்ததா? மாதவிலக்கு 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டதா? பிரசவம் ஆனதும் பிபி இறங்கிவிட்டது என்று அதை மறந்துவிடுகிறோம். கர்ப்பத்தில் பிபி ஏறி வலிப்பு அபாயம் வரை போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

படி 2: உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிபியில் ஆரம்பிக்கலாம். அதை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று யோசியுங்கள். பஸ்ஸைப் பிடித்து, மாடிப்படி ஏறி, டோக்கனுக்கு நின்று, உட்கார்ந்த மறு நிமிடமே கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டியதில் அது கையை இறுக்கிக்கொண்டிருக்கிறது. கால் தொங்குகிறது. பட்டை இறுகும்போதே "சாப்பிட்டாச்சா, என்ன தொந்தரவு?" என்று கேட்கிறார்கள், நாமும் பதில் சொல்கிறோம். இப்படி எடுத்த அளவு பத்துப் பதினைந்து புள்ளி கூடுதலாகக் காட்டினால் ஆச்சரியமில்லை.

சரியாக எடுப்பது இப்படி. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல் இதய உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை வெறும் கையில் சுற்றியிருக்க வேண்டும், கையின் பருமனுக்கு ஏற்ற அளவாகவும் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டுக்கு மெஷின் வாங்கினால் மேற்கையில் கட்டுவதாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையும் மாலையும் இரண்டு இரண்டு முறையாக ஒரு வாரம் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85, மருத்துவமனையில் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்தக் கொதிப்பு இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலோருக்கு 130/80க்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு.

அடுத்தது சர்க்கரை. வெறும் வயிற்றில் எடுக்கும் அளவோடு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் எடுங்கள். 5.7க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5இல் இருந்து நீரிழிவு. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் "பார்டர்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். ரத்தக்குழாய் கெடுவது அந்தக் கட்டத்திலேயே தொடங்குகிறது. உணவும் நடையும் அதிகப் பலன் தருவதும் அதே கட்டத்தில்தான்.

கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்ததும் பலர் பார்ப்பது மொத்தக் கொலஸ்ட்ராலை. முதலில் பார்க்க வேண்டியது எல்டிஎல். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிவது அதுதான். லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' அளவு எல்லோருக்கும் பொதுவானது, உங்களுக்கென்று போட்டது அல்ல. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைவான பொதுமக்களுக்கு எல்டிஎல் 100க்குக் கீழே இருக்க வேண்டும். நீரிழிவு, ரத்தக் கொதிப்பு போன்றவற்றால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 70க்குக் கீழே. மாரடைப்பு, பக்கவாதம் ஏற்கெனவே வந்தவர்களுக்கு 55க்குக் கீழே. ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர் எல்டிஎல் 96 என்ற ரிப்போர்ட்டைக் காட்டி "நார்மல்னு போட்டிருக்கு" என்று நிம்மதியாகச் சொன்னால், அவர் இலக்கிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். எல்டிஎல் 190ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரையாக வந்ததாக இருக்கக்கூடும். உணவால் மட்டும் இறங்காது. பிள்ளைகளுக்கும் சோதிக்க வேண்டும்.

ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) மிக அதிகமாக உள்ளவர்களைத் தவிர மற்றவர்கள் இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, குறிப்பாகக் குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், லிப்போபுரோட்டீன் ஏ என்ற சோதனையையும் கேட்டு எடுங்கள். பிறப்பிலேயே தீர்மானமாகும் கொழுப்பு வகை அது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் கூடுதல் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இடுப்புச் சுற்றளவுக்கு எடைமெஷின்கூட வேண்டாம், தையல் டேப் போதும். தொப்புளை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதுதான் நம்மவர்களுக்கு எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்த உடல்வாகு நம்மிடம் நிறைய. அதைப் "பூசினாப்ல இருக்கார்" என்று விட்டுவிடக் கூடாது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சர்க்கரையையும் ட்ரைகிளிசரைடையும் ஏற்றிவிடும்.

18 வயதைத் தாண்டிய எல்லோரும் ஒரு முறையாவது பிபியும் கொழுப்பும் பார்த்திருக்க வேண்டும். பிபி, சுகர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். இன்னொன்று: விலை உயர்ந்த 'மாஸ்டர் செக்கப்' பட்டியலில் ட்ரெட்மில் சோதனை இருக்கும். அது நார்மல் என்று வந்ததால் இதயம் பத்திரம் என்று எண்ண வேண்டாம். மாரடைப்புகளில் கணிசமானவை பாதிகூட அடைபடாத இடத்தில் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வருபவை. அந்த அளவு அடைப்பை ட்ரெட்மில் காட்டாது. போன மாதம் ட்ரெட்மில்லில் ஓடியவருக்கு இந்த மாதம் மாரடைப்பு வருவது இப்படித்தான்.

படி 3: புகையிலை, முழுமையாக

குறைப்பது போதாது. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு, இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி கூடிவிடுகிறது. இருபதை ஒன்றாக்கினால் ஆபத்து இருபதில் ஒன்றாகிவிடும் என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது. பீடிக்கும் இதேதான். வாயில் அதக்கும் புகையிலையும் பாதுகாப்பு இல்லை.

விட்டு ஒரு வருடத்தில் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மருந்தே இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பலன் தரும் வேறு எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. மனவுறுதியை மட்டும் நம்பாதீர்கள். நிக்கோடின் சூயிங்கம், மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை, ஆலோசனை ஆகியவை சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு கூடும். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்கு அழைப்பது இலவசம். புகை கேட்டு மனம் அலைக்கழிவது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்துக்கு டீக்கடைப் பக்கம் போகாமல் இருந்தாலே பாதி வேலை முடியும்.

மதுவைப் பற்றி ஒரு வரி: இதயத்துக்கு நல்லது என்று யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

படி 4: அடுப்படி

சமையலறையில் இரண்டு கணக்கு வைத்தால் போதும். ஒன்று எண்ணெய், மற்றொன்று உப்பு.

மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம் என்று மளிகைச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். அதை வீட்டில் சாப்பிடுபவர்கள் எண்ணிக்கையால் வகுங்கள். ஆளுக்கு அரை லிட்டரை ஒட்டி இருந்தால் சரி. நான்கு பேர் வீட்டில் நான்கு லிட்டர், ஐந்து லிட்டர் போவதும், வெளியில் தின்னும் பஜ்ஜியும் பரோட்டாவும் அதன்மேல் சேர்வதும் சகஜமாகிவிட்டது. எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பது முதலில் வர வேண்டிய கேள்வி. வகை கேட்டால் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி, தவிட்டெண்ணெய் எதுவும் சரி, மாற்றி மாற்றி வாங்கலாம். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் பாமாயிலில் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். செக்கில் ஆட்டியது என்பதால் இது மாறிவிடாது. செக்கு எண்ணெய்க்கு மணமும் ருசியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொழுப்பின் தன்மை செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் ஒன்றே. ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுபடி மறுபடி சுட வைப்பதை நிறுத்துங்கள்.

உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு, அதுவும் சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நம் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்: ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், டீயோடு தின்னும் உப்பு பிஸ்கட். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாமல் முடியாது என்பவர்கள் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்தி, அப்பளத்தை வார இறுதிக்கு ஒதுக்கலாம். சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவு பிசையும்போதும் போடும் உப்பை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை. இந்துப்பு, கல் உப்பு எல்லாமே சோடியம்தான், அதில் ஏமாற வேண்டாம். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு பிபியைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

அடுத்து சோறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவது தெரிந்தது. அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதான். இதை ஒரே நாளில் மாற்ற முடியாது, மாற்றச் சொல்லவும் இல்லை. தட்டில் இடத்தை மாற்றுங்கள். மதியத் தட்டில் பாதி இடம் பொரியல், கூட்டு, கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், மீன், முட்டை, கோழி. மீதிக் கால் பங்கில் சோறு. முதலில் காய் பரிமாறி, அப்புறம் சோறு வைத்தால் இது தானாக நடக்கும். நம் வழக்கத்தில் முதலில் சோற்றுமலை எழும்பிவிடுகிறது, காய்க்கு ஓரத்தில்தான் இடம். சாமை, வரகு, தினை நல்லவை. ஆனால் சிறுதானியம் என்று சொல்லி இரண்டு மடங்கு சாப்பிட்டால் கணக்கு பழையபடியே ஆகிவிடும்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தி, நெத்திலி, அயிலை மூன்றும் மலிவு, நல்ல கொழுப்பும் நிறைந்தவை. குழம்பாக வையுங்கள். எண்ணெயில் முழுக்கிப் பொரித்தால் அந்த நன்மையில் பாதி போய்விடும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஜூஸாக்காத முழுப் பழம் ஒன்றிரண்டு, இவை மாலை பஜ்ஜியின் இடத்துக்கு வரட்டும்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றை வினிகரும் தேனும் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம் என்ற செய்தி வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சமையலில் பூண்டு சேர்ப்பதில் தவறே இல்லை. ஆனால் இதயக் குழாயில் இருக்கும் அடைப்பை எந்தச் சாறும் கரைக்காது. அதை நம்பி ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுவதுதான் உயிருக்கு ஆபத்து.

படி 5: நடை

வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை அரை மணி நேரம். வேகம் சரியா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. செல்போனைப் பார்த்துக்கொண்டு உலாத்துவது இதில் சேராது. வீட்டு வேலையே போதும் என்பவர்களும் அந்த வேலை மூச்சிரைக்க வைக்கிறதா என்று இதே அளவுகோலால் பார்க்கட்டும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கினார்கள். உங்கள் மாவட்டத்தில் எது என்று விசாரித்து ஒரு ஞாயிறு குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். முழுத் தூரமும் நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, எதுவாக இருந்தாலும் சரி.

நாற்பது தாண்டி, சர்க்கரையோ புகைப்பழக்கமோ இருந்து, இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர்கள் நேராக ஜிம்மில் சேர்ந்து பாரம் தூக்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நடைக்கு அப்படி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து, நின்றால் சரியாகிறது என்றால் மட்டும் உடனே காட்டுங்கள்.

படி 6: தூக்கமும் மனசும்

ஏழு மணி நேரத் தூக்கம் இதயத்துக்கான மருந்துதான். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்குப் பிபி மாத்திரைக்கு அடங்காமல் போவது உண்டு. அப்படிப்பட்டவரின் பக்கத்தில் தூங்குபவர்தான் இதைக் கவனித்துச் சொல்ல முடியும். கடன், வேலை, பிள்ளைகள் படிப்பு என்று கவலைகள் நிஜமானவை. "டென்ஷன் ஆகாதீங்க" என்ற அறிவுரையால் அவை தீராது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டுக் கிடந்தால் அதையும் ஒரு நோயாக மதித்துச் சிகிச்சை எடுங்கள்.

படி 7: மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பிபி 160 இருந்தது. மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் 126. "சரியாயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது சரியாகவில்லை, மாத்திரை பிடித்து வைத்திருந்தது. விட்ட பிறகு மறுபடி ஏறும், ஏறுவது தெரியாது. 2020இல் தமிழ்நாடு அரசு எடுத்த கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அது கட்டுக்குள் இல்லை என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகிறதே என்று விட்டுவிட்டவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்குபவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஜெனரிக் மருந்துக்கு மாறலாம்.

கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டின் பற்றித்தான் பயம் அதிகம். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று எழுதித்தருவது இவைதான். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து இந்த வகை மருந்தைக் கண்டெடுத்தார். அதன்பின் லட்சக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. எல்டிஎல் சுமார் 39 புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ரிப்போர்ட்டில் எல்டிஎல் அளவை இறக்குவதோடு, ஸ்டாட்டின் குழாய்ச் சுவரில் உள்ள திட்டு வெடிக்காமல் அதைக் கெட்டிப்படுத்துகிறது. அதனால்தான் கொலஸ்ட்ரால் 'நார்மல்' ஆன பிறகும் தொடரச் சொல்கிறார்கள்.

பக்கவிளைவு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிலருக்குத் தசைவலி வரும். எல்லைக்கோட்டுச் சர்க்கரையில் இருப்பவர்கள் சிலருக்குச் சர்க்கரை லேசாக ஏறும். தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசட்டிமைப் போன்ற வேறு மருந்து சேர்க்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ஸ்டாட்டின் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

ஆஸ்பிரின் கதை வேறு. ஒரு காலத்தில் நாற்பது தாண்டிய எல்லோருக்கும் "ரத்தம் உறையாம இருக்க" தினமும் ஒன்று என்ற பழக்கம் இருந்தது. 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, இதயநோய் இதுவரை வராதவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து நன்மையை ஈடுகட்டிவிடுகிறது என்பது தெளிவானது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்கள் தொடங்க வேண்டாம். மருத்துவர் காரணத்தோடு எழுதியிருந்தால் நிறுத்தவும் வேண்டாம்.

படி 8: ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்கள்

ஸ்டென்ட் அடைபட்ட ஓர் இடத்தைத் திறக்கிறது. நோய் எல்லாக் குழாய்களிலும் இருக்கிறது. எனவே மேலே சொன்ன எல்லாமே இவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை மாரடைப்புக்குப் பின் வழக்கமாக ஒரு வருடம் சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ போனால், "மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று அங்கே சொல்லக்கூடும். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நிறுத்திய நாட்களில் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது பெரிய மாரடைப்பாகவே வரும். வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். இதயநோயாளிகளுக்கு மறுபடி மாரடைப்பு வருவதை அது குறைக்கிறது.

படி 9: நெஞ்சில் வலி வந்தால்

இதை வீட்டில் உள்ள எல்லோரும் படிக்க வேண்டும். வலி வருபவர் பெரும்பாலும் "கேஸ்தான்" என்று சொல்லப் போகிறார். முடிவு எடுக்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர்கள்.

நடு நெஞ்சில் பாரம், இறுக்கம், எரிச்சல், அது இடது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, சட்டை நனைய வியர்ப்பது, மூச்சு முட்டுவது, குமட்டல். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். பெண்கள் "ஒரே அசதியா இருக்கு, முதுகு வலிக்குது" என்று மட்டும் சொல்லக்கூடும். அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுச் சற்றுப் படுத்து எழுந்து மறுபடி வேலை பார்ப்பார்கள், மருத்துவமனைக்கு வருவதும் தாமதமாகிவிடும்.

சோடா, ஓமத்தண்ணீர், சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் அரை மணி நேரம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் நேரம். உடனே 108க்கு அழையுங்கள். இலங்கையில் 1990. நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது, பைக்கின் பின்னால் உட்காரவும் கூடாது. மாடியிலிருந்து நடக்க வைத்து இறக்காதீர்கள். நாற்காலியில் தூக்கி இறக்குங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தக்கசிவு, வயிற்றுப்புண் இல்லாதவர்களுக்கு, தொலைபேசியில் மருத்துவர் சொன்னால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். நாக்கடியில் வைக்கும் மாத்திரையை அவர்களுக்கென்று எழுதித் தந்திருந்தால் தவிர வைக்காதீர்கள். பிபி சட்டென்று விழுந்துவிடும். இருமிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் வாட்ஸ்அப் செய்திதான், நம்பாதீர்கள்.

பெரிய மருத்துவமனை வெகுதூரம் என்றால், ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய முதல் வேளை மருந்துகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். முதல் ஈசிஜி நார்மல் என்று வந்தும் வலி நீடித்தால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். சிறிது நேரம் கழித்து இன்னொரு ஈசிஜியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நினைவு தப்பி, மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வரும் வரை விடக் கூடாது. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

வலி வராத இன்றைக்கே செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி, ஒரு மணி நேரத் தொலைவில் இருபத்து நான்கு மணி நேரமும் ஆஞ்சியோ செய்யும் மருத்துவமனை எது, அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் அரசு மருத்துவமனை எது என்று விசாரியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை செல்லுமா என்றும் கேட்டு வையுங்கள். அந்தப் பெயர்கள், தொலைபேசி எண்கள், வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்து யாருக்கு ஒவ்வாது, கடைசி ஈசிஜியின் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.